இளவரசர் என்று சொல்லி மேடையேறியவர்

சில வருடங்கள் நான் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளனாக வேலை செய்திருக்கிறேன். மேசையின் ஒரு பக்கம் அதிகாரி, மறுபக்கம் எங்கள் ஆள், நடுவில் நான். எனக்கென்று ஒரு கருத்து இருக்கக்கூடாது என்பது அந்த வேலையின் விதி. ஆனால் எந்தக் கதை சொல்பவருடையது, எது ஏஜென்சிக்காரன் சொல்லிக்கொடுத்தது என்பது பெரும்பாலும் எனக்குத் தெரிந்தே இருந்தது. ஒருவரை மட்டும் இன்றுவரை மறக்க முடியவில்லை. அவருக்கு நடந்தது ஐந்து இடப்பெயர்வு, ஒரு கடை எரிந்தது, பிள்ளைகளின் படிப்பு நின்றது. இதைச் சொன்னால் அதிகாரி பேனையைக்கூட எடுக்கமாட்டார் என்று அவருக்குத் தெரியும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்த கைதையும் சித்திரவதையையும் தன்னுடையதாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். வதிவிட அனுமதி கிடைத்தது. அதன்பிறகு வைத்தியரிடமும், வேலைத்தலத்திலும், எங்கள் கூட்டங்களிலும் அவர் அந்தக் கதையையே சொல்லவேண்டி வந்தது.

இந்த அனுபவம் இல்லாதிருந்தால், 1849இல் லண்டனில் வெளிவந்த ஒரு சிறுநூலை நானும் விளம்பரப் பொய் என்று ஒதுக்கியிருப்பேன். ஐரா ஓல்ட்றிஜ் என்ற கறுப்பின நடிகரின் வாழ்க்கையையும் மேடைப் பணியையும் சொல்வதாக வந்த நூல் அது. எழுதியவர் பெயர் அதில் இல்லை; தகவல்கள் அவரிடமிருந்தே வந்தவை. அதன்படி அவர் செனகல் நதிக்கரையில் வாழ்ந்த ஃபூலா இனத்தின் அரச வாரிசு. போர்க் கைதிகளை அடிமைகளாக விற்கக்கூடாது என்று சொன்னதற்காக அவருடைய பாட்டனார் கலகம் ஒன்றில் கொல்லப்படுகிறார். தந்தையை ஒரு மிஷனரி அமெரிக்காவுக்கு அழைத்து வருகிறார். கவனியுங்கள்: இனம், அரசியல் காரணம், கொலை, தப்பியோட்டம் எல்லாம் இருக்கிறது. விசாரணை மேசையில் வைத்தால் தேறக்கூடிய கதை.

ஆய்வாளர்கள் இன்று ஏற்றுக்கொள்வது வேறு. ஓல்ட்றிஜ் 1807 யூலை 24இல் நியூயோர்க்கில் பிறந்தார். தந்தை வைக்கோல் விற்றவர், தேவாலயத்தில் பிரசங்கமும் செய்தவர். பிள்ளை கறுப்பினச் சிறுவர்களுக்கான ஆபிரிக்க இலவசப் பாடசாலையில் படித்தார். அரண்மனையும் இல்லை, செனகலும் இல்லை.

இந்த வேறுபாட்டை வைத்து இரண்டு விதமான தீர்ப்புகளை நான் கண்டிருக்கிறேன். பொய்யைக் கண்டுபிடித்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஒருபுறம். அவரை முன்னோடி, தடைகளை உடைத்தவர் என்று மாலைபோட்டு, பொய்யை ஒரு சுவையான துணுக்காக மட்டும் சொல்லிப்போகிறவர்கள் மறுபுறம். இரு சாராரும் ஒரே கேள்வியைத் தவிர்க்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. அந்தக் கதையைக் கேட்டது யார்? ஒரு சுதந்திரக் கறுப்பரின் மகன், வைக்கோல் வியாபாரியின் மகன், நன்றாக நடிக்கத் தெரிந்தவன் என்ற உண்மை ஏன் போதாமல் போயிற்று?

அவர் எந்த மேடையிலிருந்து வந்தார் என்பதைப் பார்க்கவேண்டும். 1821இல் வில்லியம் பிறவுண் என்ற கறுப்பினத்தவர், முன்பு கப்பலில் பணியாளாக இருந்தவர், நியூயோர்க்கில் ஒரு அரங்கைத் தொடங்கினார். நடிகர்களும் கறுப்பர், பார்வையாளரில் பெரும்பாலானோரும் கறுப்பர். முதலில் போட்டது ஷேக்ஸ்பியரின் மூன்றாம் றிச்சர்ட். நியூயோர்க்கில் அப்போது அடிமைமுறை முழுதாக ஒழிந்திருக்கவில்லை; அது 1827இல்தான் நடந்தது. 1822 ஜனவரியில் பொலிஸ் புகுந்து நடிகர்களைப் பிடித்துச் சென்றது. இனி ஷேக்ஸ்பியரை நடிக்கமாட்டோம் என்ற வாக்குறுதியின் பேரில் விட்டார்கள் என்று அக்காலப் பத்திரிகை ஏளனமாக எழுதியது. அதே வருடம் ஓகஸ்ட்டில் ஒரு கும்பல் அரங்கை உடைத்து நடிகர்களை அடித்தது. சிறுவன் ஓல்ட்றிஜ் மேடையேறப் பழகியது இந்தக் குழுவில்தான்.

அந்த அரங்கின் நாயகன் அவரல்ல. ஜேம்ஸ் ஹியூலெற் என்பவர். றிச்சர்ட்டாக நடித்தவர், பாடுவார், புகழ்பெற்ற வெள்ளை நடிகர்கள் பலரைப்போல அப்படியே நடித்துக் காட்டுவார். குழு சிதைந்த பிறகு தனியாளாக ஊரூராக நிகழ்ச்சி செய்தார். ஓல்ட்றிஜ்ஜின் கதையைப் பேசும்போது ஹியூலெற்றை ஒரு வரியில் கடந்துபோவதுதான் வழக்கம். நான் கடைசியில் அவரிடம் திரும்பி வருவேன்.

அந்த நாட்களில் சார்ல்ஸ் மத்தியூஸ் என்ற ஆங்கில நகைச்சுவை நடிகர் அமெரிக்கா வந்து போனார். 1824இல் லண்டனில் தன் பயணத்தை ஒரு தனிநபர் நிகழ்ச்சியாக்கினார். அதில் ஒரு காட்சி: கறுப்பின நடிகன் ஒருவன் கொச்சை ஆங்கிலத்தில் ஹம்லெற்றின் வசனத்தைப் பேசுகிறான், சபையோர் சொற்களைத் தவறாகக் கேட்டு, மரத்தில் ஏறும் ஒப்பொசம் என்ற விலங்கைப் பற்றிய நாட்டுப்பாட்டைப் பாடச்சொல்கிறார்கள், அவனும் நாடகத்தை விட்டுவிட்டுப் பாடுகிறான். லண்டன் விழுந்து விழுந்து சிரித்தது. தங்கள் நிறத்தையும் பேச்சையும் கேலிப்பொருளாக்கியதைக் கண்டித்து ஹியூலெற் மத்தியூஸுக்கு நியூயோர்க் பத்திரிகையில் பகிரங்கக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் லண்டனின் சிரிப்பை நிறுத்தவில்லை.

சிரிப்பு இன்னும் அடங்காத அந்த இங்கிலாந்துக்குத்தான் பதினேழு வயது ஓல்ட்றிஜ் அதே 1824இல் கப்பலேறினார். 1825 மேயில் கிழக்கு லண்டனின் சிறு அரங்கொன்றில் ஒதெல்லோவாக நடித்தார். ஒக்டோபரில் றோயல் கோபேர்க் அரங்கில், இன்றைய ஓல்ட் விக், சுரினாமின் அடிமைக் கலகம் பற்றிய நாடகத்தில் நாயகனானார். அவருடைய உதடுகளின் அமைப்பால் ஆங்கிலத்தை உச்சரிக்கவே முடியாது என்ற பொருளில் த ரைம்ஸ் எழுதியது. அவர் பிறந்ததிலிருந்து பேசிய மொழி ஆங்கிலம். எங்களில் இரண்டாம் தலைமுறையினருக்கு இந்த அனுபவத்தை விளக்கத் தேவையில்லை.

அந்தக் காலத்தில் அவர் தன் பெயரையும் மாற்றியிருந்தார். நோட்டீஸ்களில் 'கீன்' என்று போட்டுக்கொண்டார். அன்றைய இங்கிலாந்தின் மிகப் பெரிய துன்பியல் நடிகர் எட்மண்ட் கீன். எழுத்து வேறு, ஓசை ஒன்று. கடவுச்சீட்டில் இன்னொருவர் பெயரோடு எல்லை கடந்தவர்கள் வாசிக்கும் இதழில் இதைப் பற்றி மேலும் சொல்லவேண்டியதில்லை. பின்னர் இளவரசர் கதை வந்தது. பண்டைய உரோம நடிகர் ரோசியஸின் பெயரைச் சேர்த்து 'ஆபிரிக்க ரோசியஸ்' என்ற பட்டமும் வந்தது.

இங்கே விமர்சகனுக்கு உண்மையான சங்கடம் தொடங்குகிறது. மத்தியூஸ் கேலிசெய்த நடிகன் தானே என்று மக்கள் நம்பியபோது, ஓல்ட்றிஜ் அதை மறுத்தார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று 1849 நூல் சொல்கிறது. ஆனால் அதே ஒப்பொசம் பாட்டைத் தன் நிகழ்ச்சியில் சேர்த்துப் பாடவும் செய்தார். மாலையின் முதற்பகுதியில் ஒதெல்லோ. அது முடிந்ததும் 'பூட்டு' என்ற பழைய இசைநாடகத்தில் குடித்துவிட்டு ஆடும் முங்கோ என்ற கறுப்பு வேலையாள். ஒரே உடல், ஒரே இரவு. தன் இனத்தைக் கேலிசெய்தவனின் சரக்கையே விற்றுப் பிழைத்தார் என்று சொல்லிவிடலாம். சொல்வது சுலபம்.

ஆனால் வரிசையைப் பாருங்கள். அவர் சபைக்கு முதலில் காட்டியது ஒதெல்லோவை. பாட்டுக் கேட்க வந்தவனும் அதற்கு முன் மூன்று மணிநேரம் ஒரு கறுப்பு மனிதன் காதலித்து, நம்பி, ஏமாந்து, அழிவதைப் பார்த்தாகவேண்டும். முங்கோ என்பவன் அவருடைய தோலோடு ஒட்டிப் பிறந்தவனல்ல, அதுவும் ஒரு வேடம் என்பது ஒதெல்லோவைப் பார்த்த கண்ணுக்குத்தான் தெரியும். பிற்பாடு அவர் முகத்துக்கு வெள்ளைப் பூச்சுப் பூசி ஷைலொக், மக்பெத், லியர் என்று நடித்தார். ஒரு ஊரில் நிகழ்ச்சிகளை முடித்து விடைபெறும்போது சபையைப் பார்த்து அடிமைமுறைக்கு எதிராகப் பேசுவதை வழக்கமாக்கிக்கொண்டார். 1828இல் கொவென்றி நகர அரங்கின் நிருவாகியாக அவரை அமர்த்தினார்கள். அப்போது அவருக்கு இருபது வயது. அவர் அங்கிருந்துபோன பின் அந்நகரத்தார் அடிமை ஒழிப்புக் கேட்டுப் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். பொய்யான இளவரசர் பட்டம் வாங்கித் தந்த மேடையில் அவர் பேசிய பேச்சு பொய்யல்ல.

அவருடைய எழுச்சியும் வீழ்ச்சியும் ஒரே கிழமைக்குள் நடந்தன என்று சொல்லலாம். 1833 மார்ச் 25இல் கொவன்ற் கார்டனில் ஒதெல்லோவாக நடித்துக்கொண்டிருந்த எட்மண்ட் கீன் மேடையிலேயே, இயாகோவாக நின்ற தன் மகனின் கைகளில் சரிந்தார். மே மாதம் இறந்துபோனார். ஏப்ரல் 10இல் அதே மேடையில், அதே வேடத்தில், இருபத்தைந்து வயது ஓல்ட்றிஜ் தோன்றினார். டெஸ்டிமோனாவாக எலன் ட்ரீ. சபை கைதட்டியது. பத்திரிகைகளில் பல கொதித்தன. ஒரு வெள்ளைப் பெண்ணைக் கறுப்பன் தொட்டு நடிப்பதா என்பதே அதெனேயம் இதழின் பெரிய கவலை. 12ஆம் திகதி இரண்டாம் முறை நடித்தார். அதோடு சரி, அரங்கு மூடப்பட்டது. லண்டனின் பெரிய அரங்குகள் கால் நூற்றாண்டுக்கு அவருக்குத் திறக்கவில்லை.

அந்த மாதங்களில் பாராளுமன்றத்தில் எது நடந்துகொண்டிருந்தது? அடிமை ஒழிப்புச் சட்ட விவாதம். ஓகஸ்ட்டில் சட்டம் நிறைவேறியது. அடிமைக்காகக் கண்ணீர்விட ஆயத்தமாக இருந்த நகரம், ஒரு சுதந்திரமான கறுப்பரைத் தன் முதல்தர மேடையில் இரண்டு இரவுகளுக்கு மேல் தாங்கவில்லை. காயத்தைக் காட்டினால் இரக்கம் கிடைக்கும். கலைஞனாகச் சம ஆசனம் கேட்டால் கதவு சாத்தப்படும். இது 1833இன் லண்டனோடு முடிந்துபோன விடயமல்ல. எங்கள் எழுத்தாளர்கள் ஐரோப்பிய மேடைகளுக்கு அழைக்கப்படும்போது யுத்தத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். யாப்பைப் பற்றி, கதைசொல்லும் முறையைப் பற்றி யாராவது கேட்டிருக்கிறார்களா?

வெள்ளையரை மட்டும் குற்றம் சொல்லி இதை முடித்துவிடவும் முடியாது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் அரச வேடம் கட்டுகிற ஒரு கூத்துக் கலைஞர் இருந்தார். விடியவிடிய அவர் பாட்டுக்கு முழு ஊரும் கட்டுண்டு கிடக்கும். விடிந்ததும் எங்கள் வீட்டுப் படலைக்கு வெளியே நின்றுதான் தேநீர் குடிப்பார், வேறு பாத்திரத்தில். கைதட்டியவர்களும் பாத்திரத்தைப் பிரித்து வைத்தவர்களும் ஒரே ஆட்கள். என் தகப்பனாரும் அவர்களில் ஒருவர்.

லண்டனின் பெரிய அரங்குகள் மூடியபின் ஓல்ட்றிஜ் ஏறத்தாழ இருபது வருடங்கள் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, அயர்லாந்தின் சிற்றூர்களில் நடித்தார். 1852இல் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். பிரஸ்ஸெல்ஸ், ஜேர்மன் நகரங்கள், வியன்னா, சுவிற்சர்லாந்து, ஸ்ரொக்ஹோம், பெல்கிறேட். பிரஷ்ய மன்னர் கலைக்கான தங்கப் பதக்கம் கொடுத்தார். வெளியில் எழுந்தார், உள்ளே வீழ்ந்தார் என்று இதைச் சொல்வதா? எனக்கு அவ்வளவு நேர்கோடாகத் தெரியவில்லை.

இந்தப் பயணங்களில் புலம்பெயர்ந்தவர்களுக்கு நெருக்கமான ஒரு விடயம் உண்டு. 1858 நவம்பரில் பீற்றர்ஸ்பேர்க்கில் அவர் ஆங்கிலத்தில் பேசினார், கூட நடித்தவர்கள் ஜேர்மனில் பேசினார்கள், பார்த்தவர்கள் ரசியர். தன் மொழி புரியாத சபையின் முன் தன் மொழியிலேயே நின்று அவர்களை அழவைத்தார். அதே சபையில் பிரெஞ்சு எழுத்தாளர் தியோபில் கோத்தியேயும் இருந்தார். காட்டுத்தனமான ஒரு வேகத்தை எதிர்பார்த்துப் போனதையும், கண்டது அளந்து நடிக்கிற அமைதியான, ஆங்கில மரபு நடிகரை என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். எதிர்பார்ப்பை ஒப்புக்கொண்டதற்காகவாவது கோத்தியேயைப் பாராட்டவேண்டும். ஆபிரிக்க இளவரசரைப் பார்க்கப் போனவருக்கு ஒரு நடிகரைக் காட்டினார் ஓல்ட்றிஜ்.

அந்தக் குளிர்காலத்தில்தான் உக்ரேனியக் கவிஞர் தராஸ் செவ்சென்கோவைச் சந்தித்தார். செவ்சென்கோ பண்ணையடிமையாகப் பிறந்து, 1838இல் விலைகொடுத்து விடுவிக்கப்பட்டவர். 1847 முதல் பத்து வருடங்கள் நாடுகடத்தப்பட்டுப் படைச்சிப்பாயாக வாழ்ந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. தோல்ஸ்தோய் பிரபு குடும்பத்தின் இளம்பெண்கள் இருவருக்கும் நடுவிலிருந்து மொழிபெயர்த்தார்கள். செவ்சென்கோ அவரை வரைந்தார். அந்த ஓவியம் இன்றும் மொஸ்கோவில் இருக்கிறது. அதில் இருப்பது இளவரசரல்ல. அகன்ற நெற்றியும் களைத்த கண்களுமாக, ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதர். அந்த மொழிபெயர்ப்பாளப் பெண்கள்மேல் எனக்குப் பொறாமை உண்டு. அவர்கள் முன்னால் இருந்த இருவரும் ஒருவருக்கொருவர் எதையும் நிரூபிக்கவேண்டியிருக்கவில்லை.

1863இல் பிரித்தானியக் குடியுரிமை பெற்றார். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபின் பிறந்த நாட்டுக்குப் போய் நடிக்கும் பேச்சு நடந்தது. போகவில்லை. 1867 ஓகஸ்ட் 7இல், அப்போது ரசியப் பேரரசுக்குட்பட்டிருந்த போலந்து நகரமான வூட்ஜில் இறந்தார். கல்லறை அங்கேயே இருக்கிறது. புறப்பட்ட ஊருக்கு அவர் ஒருபோதும் திரும்பவில்லை.

பிறகு மறதி வந்தது. முழு வாழ்க்கை வரலாறு முதலில் ரசிய மொழியில், 1940இல் டுறிலின் எழுதி வந்தது. ஆங்கிலத்தில் மார்ஷலும் ஸ்ரொக்கும் எழுதியது 1958இல். லிண்ட்போர்ஸின் நான்கு பாக ஆய்வு 2011இலிருந்து வெளிவந்தது. 2012இல் லொலிற்றா சக்ரபர்த்தியின் 'ரெட் வெல்வெற்' நாடகம் அந்தக் கொவன்ற் கார்டன் இரவுகளை லண்டன் மேடைக்குக் கொண்டுவந்தது. 2017இல் கொவென்றியில் நினைவுப் பலகை வைத்தார்கள். நல்லது. ஆனால் மீட்டெடுப்பிலும் ஒரு தேர்வு நடக்கிறது. அபூர்வமானவரைத்தான் மீட்கிறோம். பதக்கம் வாங்கியவரை, மன்னர்கள் கைகொடுத்தவரை. அன்று சபை இளவரசரைக் கேட்டது. இன்று நாம் முன்னோடியைக் கேட்கிறோம். இரண்டுக்கும் தூரம் அதிகமில்லை.

ஹியூலெற்றுக்கு வருகிறேன். அவர் இளவரசர் என்று சொல்லிக்கொள்ளவில்லை; நியூயோர்க்கிலேயே ஷேக்ஸ்பியரை நடித்துப் பிழைக்கப் பார்த்தார். வாய்ப்புகள் குறைந்தன. 1830களில் திருட்டுக் குற்றத்தில் சிறைசென்றார். 1839இல் டிரினிடாட்டில் மேடையேறினார் என்பதோடு அவருடைய சுவடு நின்றுபோகிறது. அவர் கல்லறைக்கு யாரும் பூ வைப்பதில்லை. ஒரே மேடையில் தொடங்கிய இருவரில் ஒருவர் எழுந்ததற்குத் திறமை மட்டுமே காரணம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒருவர் கேட்கப்பட்ட கதையைச் சொன்னார், மற்றவர் சொல்லவில்லை. ஓல்ட்றிஜ்ஜின் பொய்யை நான் மன்னிக்கிறேனா என்பதல்ல கேள்வி. மன்னிக்க நான் யார்? அதைக் கேட்டு வாங்கிய சபையை விசாரிக்காமல் அவரை மட்டும் விசாரிப்பது விமர்சனமாகாது என்பதே என் வாதம்.

இதை எழுதும் தகுதி எனக்கு எவ்வளவு என்றும் சொல்லிவிடவேண்டும். தொடக்கத்தில் சொன்ன அந்த மனிதர் பல வருடங்கள் கழித்து என்னிடம் வந்தார். அப்போது நான் ஒரு சிற்றிதழின் ஆசிரியர் குழுவில் இருந்தேன். ஐந்து இடப்பெயர்வையும் எரிந்த கடையையும் பிள்ளைகளின் படிப்பையும் பன்னிரண்டு பக்கங்களில் எழுதிக் கொண்டுவந்திருந்தார், அவருடைய உண்மையான கதை. வாசித்தேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லையே, கைதைப் பற்றியும் எழுதலாமே என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். நடந்தது எது என்று தெரிந்திருந்தும் நான் அந்தக் கதையைத்தான் கேட்டேன்.